என் கணவருக்கும் கேட்ட அழுகை

ஆண்டவருக்குள் எனக்குப் பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டும் என்று பல மாதங்களாக உள்ளத்தில் ஏவப்பட்டேன். பயந்து தள்ளிப்போட்டேன். புத்தி பேதலித்தவள் என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம். இன்று சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவர் ஜெபராஜும் பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் வண்டியில் அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போவோம். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்போம், சுகமில்லாதவர்களுக்காக ஜெபிப்போம். ஏழு வயதில் ஜெனிட்டா என்று ஒரு மகள் இருக்கிறாள்.

போன வருஷம் தை மாதம் என் வயிற்றில் இருந்த இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதத்தில் இறந்துபோனது. பெண் குழந்தை. நான் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்துவிட்டது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்த என் கணவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் அழுகை கேட்க ஆரம்பித்தது.

குக்கர் விசில் அடங்கியதும் கேட்கும். குழாயை மூடினால் கேட்கும். பச்சைப்பிள்ளை பசியில் அழுகிற அழுகை. பால் கட்டிய மார்பு விண்ணென்று வலிக்கும். எழுந்து பின்வாசல்வரை போய்ப் பார்ப்பேன். துவைக்கிற கல் மட்டும் இருக்கும்.

கிராமத்தில் ஒரு பெண், "செத்த பிள்ள ஒன்னயச் சுத்துதும்மா, ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிக்க" என்றார். சபையில் ஒரு சகோதரி, விசுவாசம் குறைந்தால்தான் இப்படி வரும் என்றார். இருவரும் என்மேல் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் அதன்பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆண்டவரே, இந்தச் சத்தத்தை எடுத்துவிடும் என்று மன்றாடினேன். அவர் எடுக்கவில்லை. ஊழியத்துக்குப் போவதை நிறுத்தினேன். என் கணவர் தனியாகப் போய் வந்தார்.

ஒருநாள் ஜெனிட்டா வாசலில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். அழாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா தங்கம், வலிக்கலையா?"

"வலிக்குதும்மா. நான் அழுதா பாப்பா அழுகுறான்னு நெனச்சு நீ பின்னாடி ஓடிருவ."

அன்றுதான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "எனக்குக் கேக்க மாட்டேங்குதே, கிருபா. எனக்கும் கேட்டுச்சுன்னா ஒனக்குத் தொணையா இருக்கும்ல" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அதுமுதல் என் ஜெபம் மாறியது. எடுத்துவிடும் என்று கேட்பதை விட்டேன். ஒரே ஒரு தடவை இவருக்கும் கேட்கட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெனிட்டாவை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வெகுநாளைக்குப் பின் அவரோடு வண்டியில் ஏறினேன். கூட்டம் முடிந்து திரும்பும்போது தென்னந்தோப்பு ஓரம் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். காற்று பேயாக அடித்தது. அந்தக் காற்றுக்குள் எனக்கு அழுகை கேட்டது. புடவை முந்தானையைக் காதோடு இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

காற்று சற்று ஓய்ந்தது. அவர் பாட்டிலை இறக்கினார்.

"கிருபா, எங்கனயோ பிள்ள அழுகுது."

முந்தானையைக் காதிலிருந்து எடுத்தேன். "ஒங்களுக்குக் கேக்குதா? நெசமாவா?"

"கேக்குது. இந்தா, இந்தத் தோப்புக்குள்ளதான்."

இருவரும் ஓடினோம். உள்ளே ஒரு பெரிய கிணறு. மரத்தடியில் சேலையை விரித்துப் பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையைக் கிடத்தியிருந்தது. கிணற்று விளிம்பில் இளம்பெண் ஒருத்தி காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் குழந்தையை எடுத்தேன். அந்தச் சூடு என் நெஞ்சில் பட்டதும் கதறிவிடுவேன் போல இருந்தது. அடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பேரு என்ன தாயி?"

"முத்துமாரி." கிணற்றையே பார்த்தபடி, "இது அழுகைய நிப்பாட்டவே மாட்டேங்குதுக்கா. பாலும் பத்தல. நான் தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னே தெரியல. நான் இல்லைன்னா யாராச்சும் இத நல்லா வளப்பாங்க" என்றாள்.

பிரசங்கம் ஒன்றும் என் வாயில் வரவில்லை. "எனக்கும் அழுகுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குதும்மா. எம்பிள்ள மண்ணுக்குள்ள கெடக்கு. அப்பயும் கேக்குது" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். மெதுவாகக் காலை மேலே எடுத்தாள்.

அவள் வீட்டுக்குத் தகவல் சொல்லி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி மனம் நொடிந்துபோகும், மருந்தும் தூக்கமும் பக்கத்தில் ஆளும் இருந்தால் தேறிவிடுவாள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அப்படியே சில மாதங்களில் தேறிவிட்டாள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் கணவரிடம் கேட்டேன். "நம்ம பாப்பா எப்படி இருந்தா?"

"ஒன் நெத்தி. தல நெறைய முடி. தூங்குற மாதிரிதான் இருந்தா. ரெண்டு பேருக்குமா சேத்து நானே முத்தங் குடுத்தேன்."

அதுவரை எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

முத்துமாரி சபைக்கு வருகிறாளா என்று சிலர் கேட்கிறார்கள். வரவில்லை. அவள் வீட்டுக்கு நாங்கள் போகிறோம். அவள் மகன் இப்போது என் தோளைப் பிடித்து நிற்கிறான். அந்தக் கிராமங்களில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் தாயைப் பார்க்க நான் போகிறேன். பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு, நீ தூங்கு தாயி என்கிறேன். இந்த ஆண்டு எங்கள் ஊழியம் அதுதான்.

சத்தம் முழுவதும் போய்விட்டதா? இல்லை. குறைந்திருக்கிறது. சில மாலைகளில் வந்து போகிறது. அப்போது என் கணவர் வேலையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறார். அவருக்குக் கேட்காவிட்டாலும் இருவரும் சேர்ந்து கேட்கிறோம்.

சகோதரியே, வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று உன் வீட்டுக்குள்ளும் உன்னைத் தொடர்ந்து வரலாம். அதை உள்ளபடியே ஆண்டவரிடம் சொல். அழகாக ஜெபிக்க வேண்டாம். கூட இருக்கிற ஒருவரிடமும் சொல். சத்தத்தை எடுத்துவிடும் என்று நான் கேட்டபடி ஆண்டவர் செய்யவில்லை. ஆனால் அந்தத் தோப்பு ஓரத்தில் என்னைத் தனியாக நிற்க விடவில்லை. உன்னையும் விடமாட்டார்.