பைக்குள் போன கோப்பு

குருநகர் கனிசியஸ் வாயைத் திறப்பது சாப்பிடவும் பூசையில் பதில் சொல்லவும் மட்டும்தான் என்று அவருடைய மனைவி யசிந்தா சொல்லுவாள். அது கொஞ்சம் மிகை. ஓர் அலுவலகத்தில் மென்பொருளைப் பொருத்தி முடித்ததும் அவர் தவறாமல் ஒரு பிரசங்கம் வைப்பார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விளக்குவார். கேட்பவரின் முகத்தில் பயம் தெரிந்த பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பார்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய நிறுவனத்துக்காக வலையமைப்புப் போட்டுப் போட்டே அவருக்கு முன்மயிர் கொட்டியது. கணினி தன்பாட்டில் ஒன்றும் செய்யாது, செய்த எவரோ ஒருவர் பக்கத்தில்தான் நிற்பார் என்பது அவருடைய கட்சி. தென்மராட்சியில் ஒரு பால் சங்கம் அந்தக் கட்சியை ஆட்டிப் பார்த்தது.

சங்கத்தில் மூன்று கணினிகள். செயலாளர் சுவர்ணாவின் மேசையில் இருப்பது தாய்க் கணினி. பால் அளக்கும் இடத்திலும் கணக்கறையிலும் இருப்பவை அதைப் பார்த்து நடப்பவை. காலையில் போட்டதும் மூன்றும் தாய்க் கணினியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமைப்புக் கோப்பைத் தேடும். பாலை எப்படித் தரம் பிரிப்பது, பால் தந்தவருக்குக் கொடுக்கும் துண்டை எங்கே அச்சடிப்பது என்பதெல்லாம் அதற்குள்தான். அது அந்த இடத்தில் இல்லையென்றால் "அமைப்புக் கோப்பைக் காணவில்லை" என்று எழுதிவிட்டு மூன்றும் சும்மா இருக்கும்.

பொருத்திய மறுநாள் காலையே மூன்றும் அப்படி எழுதின. வெயிலேற, வரிசையில் நின்றவர்களின் பால் திரைந்தது. கனிசியஸ் விழுந்தடித்துக்கொண்டு போனார். கோப்பு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. புதிதாக ஒன்றை வைத்தார், எல்லாம் ஓடியது. பிரசங்கத்தை முன்னையதைவிடக் கடுமையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாளும் அதே கதை. வைரஸ் என்று நினைத்துத் தேடினார், இல்லை. அணில் கடித்திருக்கும் என்று பால்காரர் ஒருவர் காட்டிய வயரையும் மாற்றினார். வயர் கடிபட்டால் கோப்பு காணாமல் போகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அத்தனை பேர் வாளியோடு நின்று பார்க்கும்போது எதையாவது மாற்றத்தான் வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் முதலாளி கோகுலன் தொலைபேசி எடுத்தார். நாளைக்கும் பால் திரைந்தால் சங்கம் வேறு நிறுவனத்தைப் பார்க்குமாம், கனிசியஸும் வேறு வேலையைப் பார்க்கலாம் என்று அமைதியாகச் சொன்னார். கத்தியிருந்தால் கனிசியஸ் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அந்த அமைதியைத்தான் பொருட்படுத்த வேண்டியிருந்தது. நாற்பது வயதில், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இனி யாரிடம் போய் வேலை கேட்பது?

அதனால் அன்று கோப்பை வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. கணக்கறை மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். அலுவலகம் பூட்டும் நேரமானது. சுவர்ணா ஜன்னல்களைச் சாத்தினார், அலுமாரியைப் பூட்டினார், சாமிப்படத்து விளக்கை அணைத்தார். பிறகு கணினி முன் வந்து இருந்து, அமைப்புக் கோப்பை அதன் இடத்திலிருந்து தூக்கி வேறெங்கோ போட்டார். கனிசியஸ் எழும்பினார்.

"அக்கா, இப்ப என்ன செய்தனீங்கள்?"

"பைக்குள்ளை வைச்சனான்."

திரையில் "பை" என்று பெயரிட்ட ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள் சங்கத்தின் பதிவுப் பத்திரம், காணி உறுதியின் படம், சுவர்ணாவின் பிள்ளைகளின் சான்றிதழ்கள், கூடவே கனிசியஸ் முன்பு வைத்த கோப்புகளும் ஒன்றுவிடாமல் இருந்தன. தினமும் பின்னேரம் அந்தக் கோப்புறையின் பிரதி ஒன்று பென்ட்ரைவில் ஏறி, சுவர்ணாவின் கைப்பையோடு வீட்டுக்குப் போய்வந்தது.

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். சுவர்ணாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"நீங்கள் தானே தம்பி சொன்னனீங்கள், இதுதான் உயிர், இது துலைஞ்சால் ஒண்டும் இல்லையெண்டு. உயிரெண்டு சொன்னதை வெளியிலை விட்டிட்டுப் போறதோ?"

இரண்டாயிரமாம் ஆண்டுப் போரில் ஷெல் விழத் தொடங்கியபோது சுவர்ணா ஒரு பையோடு ஓடியவர். பைக்குள் இருந்தவை இன்றும் இருக்கின்றன. பைக்கு வெளியே இருந்தது எதுவும் மிஞ்சவில்லை, வீடு உட்பட. கனிசியஸின் பிரசங்கம் கூடக்கூட அவர் கோப்பை இன்னும் அக்கறையாகப் பைக்குள் வைத்திருக்கிறார்.

கனிசியஸுக்கு ஏசத்தான் வந்தது. ஆனால் வாய்க்குள் வந்தது ஏச்சு இல்லை, அழுகை. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அவருடைய வீட்டிலும் பிறப்புச் சான்றிதழ்கள் போட்ட ஒரு பை இருந்தது. தகப்பன் றேடியோவைத் தூக்கினார், தாய் கோழியைத் தூக்கினார். பையை மற்றவர் எடுத்திருப்பார் என்று இருவரும் நினைத்தார்கள். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபடும்போதுதான் ஒருவரையொருவர் கேட்டார்கள். கனிசியஸின் அடையாள அட்டையில் இன்றைக்கும் இருக்கும் பிறந்த திகதி, தாய் பிறகு யோசித்துச் சொன்னது.

இனித் தொடாதீர்கள் என்று சொல்லலாம். சுவர்ணா "ஓம் தம்பி" என்பார். பின்னேரமானால் கை தானாகப் போகும். கனிசியஸ் கதிரையை இழுத்துப் போட்டு, இனிமேல் அமைப்புக் கோப்பைப் "பை"க்குள் தேடும்படி மூன்று கணினிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவையாகப் பிரசங்கம் வைக்காமல் புறப்பட்டார்.

மறுநாள் பால் அளந்தார்கள், ஒன்றும் திரையவில்லை. "கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. அது இருக்கும் இடம் மென்பொருளுக்கு அறிவிக்கப்பட்டது" என்று கனிசியஸ் அறிக்கை எழுதினார். கோகுலன் அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வேலை தப்பியது என்பதற்கு அதுதான் அடையாளம்.

வீட்டுக்கு வந்தபோது யசிந்தா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கனிசியஸ் சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளையளின்ரை பிறப்புச் சேட்டிபிக்கற் எங்கை கிடக்கு?"

யசிந்தா மீனைப் புரட்டிப் போட்டாள்.

"அது உங்களிட்டை எல்லோ?"

யசிந்தா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி பொரிந்த மீனோடு அடுப்பை நிறுத்தினாள். இரண்டு பேரும் போய் அலுமாரியைத் திறந்தார்கள்.