ஏழாவது கேசட்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குதிரைக் கதை. ஆங்கிலத்தில் நீளமாக வேறொரு பெயர் இருந்தது; அதை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் ஒரு நாள் காலையில் காணாமல் போய்விடுகிறார். அவரைத் தேடி வெளியூரிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி வருகிறார். போஸ்டாபீஸைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"அந்தக் குதிரைக்கு யாரு புல்லு வெக்கறா?" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பாள். அப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவார்.

தொண்ணூறுகளில், மைசூர் யாதவகிரியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸுக்குக் கேபிள் வந்த புதிது. எங்கள் கேபிள்காரர் எங்கிருந்தோ பிடித்து அந்தத் தொடரைச் சில வாரங்கள் காட்டினார். பிறகு ஒரு நாள் அதே நேரத்தில் பஜனைப் பாட்டு ஓட ஆரம்பித்தது. போஸ்ட்மாஸ்டர் அந்தரத்தில் நின்றுபோனார். நாங்கள் மறந்துவிட்டோம். மாமாவால் முடியவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து, எங்களோடு தங்கி, ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். குழம்பில் உப்பு இல்லாவிட்டால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர், எங்கோ ஒரு தேசத்து போஸ்ட்மாஸ்டருக்காகத் தவித்தது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு பழைய வீடியோ டெக் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்பது வயதுப் பெண்ணான என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஒண்டிகொப்பலில் இருந்த வீடியோ கடைக்குப் போனார்.

கடைக்காரர் கல்யாண வீடியோவும் எடுப்பவர் என்பதால் பாதி நாள் கேமராவோடு வெளியூர் போய்விடுவார். கல்லாவில் அவருடைய தங்கை இருப்பாள். நான் அவளை வீடியோ அக்கா என்பேன். அவள் என்னைக் கன்னடத்தில் 'புட்டி', அதாவது சின்னப் பெண்ணே, என்பாள். கன்னடக்காரியானாலும் தமிழ் பேசுவாள்; அத்தனையும் கடையிலிருந்த தமிழ்ப்படக் கேசட்டுகளில் பிடித்த தமிழ். அதனால் அவள் சில்லறை கேட்டால்கூடக் கோர்ட் காட்சி மாதிரி இருக்கும்.

"நில்லுங்கள் சார்! கேசட்டை ரிவைண்ட் செய்யாமல் கொண்டுவந்த குற்றத்துக்கு உங்கள் பதில் என்ன?"

மாமா சிரித்தார். அவருக்கு இவ்வளவு பற்கள் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குதிரைக் கதை மொத்தம் ஏழு கேசட். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் முழு செட்டையும் கடைக்கு விற்றிருந்தார். ஆங்கிலம் இங்கே யார் பார்ப்பார்கள் என்று அக்காவின் அண்ணன் அதைப் பிரித்துத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் தள்ளிவிட்டிருந்தார். "நான் தேடித் தருகிறேன் சார், இது சத்தியம்" என்றாள் அக்கா. சொன்னபடியே கடை போனிலிருந்து ஊர் ஊராகக் கூப்பிட்டாள். ஒன்று குண்டலுபேட்டையிலிருந்து பஸ் டிரைவர் கையில் வந்தது. இன்னொன்று மாதேஸ்வரன் மலையில் பக்திக் கேசட் விற்கும் கடையில் இருந்தது. அட்டையில் வெள்ளைக் குதிரையைப் பார்த்து ஏதோ சாமி படம் என்று அந்தக் கடைக்காரர் பூ வைத்திருந்தாராம்.

எந்தக் கேசட் வந்தாலும் அக்கா முதலில் பார்த்துவிடுவாள். பிறகு மாமா வீட்டில் பார்ப்பார். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் கவுன்ட்டருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்றுகொண்டு சண்டை போடுவார்கள். ஏரியில் தலை சீவிக்கொண்டிருந்த பெண் உயிரோடிருப்பவளா, செத்தவளா? போலீஸ் அதிகாரியின் கோட்டுப் பையில் ஏன் எப்போதும் ஈரமணல் இருக்கிறது? மாமா தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அக்கா கன்னடத்தில் ஆரம்பித்துச் சினிமாவில் முடிப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கொடுத்த கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு, தீர்ப்பு கேட்டால் மட்டும் சொல்வேன்.

ஒரு நாள் மாமா சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்க, நான் முன்னால் ஓடிப்போய்விட்டேன். கவுன்ட்டருக்கு அடியில் ஐந்தாவது கேசட்டும் ஆறாவது கேசட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மாமா உள்ளே வந்ததும் அக்கா ஐந்தாவதை மட்டும் எடுத்து நீட்டினாள்.

"ஆறாவது?" என்றார் மாமா.

"பொறுமை சார். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை."

சொல்லிக்கொண்டே, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். வியாபாரத்தில் இது ஒரு தந்திரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. ஆறாவது கைக்கு வரும்வரை மாமா தினமும் கடைக்குப் போய்வந்தார். கிடைக்காமல் திரும்பும்போது விசில் அடித்துக்கொண்டே மிதித்தார். கிடைக்காததற்கு யாராவது விசில் அடிப்பார்களா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அம்மா ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்டா, அந்தக் கடைப் புள்ள என்ன ஜனம்?"

"எந்தப் புள்ள?" என்றார் மாமா.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். அப்படி எப்படி ஒருவருக்கு மறந்துபோகும் என்று எனக்கு ஆச்சரியம். "வீடியோ அக்கா மாமா! கடலைமிட்டாய் குடுப்பாங்களே" என்று ஞாபகப்படுத்தினேன். மாமா இன்னொரு தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

தசராவுக்குப் பிறகு நாங்கள் போனபோது கல்லாவில் அண்ணன் இருந்தார். தங்கை சாமராஜநகரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். மாமா தலையாட்டினார். "ஏழாவது கேசட் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை. அதன்பிறகு சில வாரங்கள் மாமா அந்தத் தெருவழியாகத்தான் வீட்டுக்கு வந்தார், கடைக்குள் போகவில்லை. தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். கல்லாவைப் பார்ப்பார். பிறகு வேகமாக மிதிப்பார்.

ஒரு நாள் அந்த அண்ணனே கையைத் தட்டிக் கூப்பிட்டார். "சார், உங்க கேசட்!" ஒரு பழுப்புக் கவரைத் தூக்கிக்காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அம்மா அவரைக்காய் முறத்தோடு வந்தாள். அப்பாகூட விழித்திருந்தார். கதை நல்ல கட்டத்துக்கு வந்துவிட்டது. போலீஸ் அதிகாரி குதிரையின் பின்னாலேயே நடந்து, யாரும் இதுவரை பார்த்திராத ஒரு கதவு முன்னால் நிற்கிறார். கைப்பிடியைத் திருகுகிறார்.

திரையில் இரண்டு கோடு ஓடியது. நாகஸ்வரம் கேட்டது. வாழைமரம், சீரியல் லைட், பட்டுப்புடவைகள்.

யாரும் அசையவில்லை. குதிரைக் கதையில் எது வேண்டுமானாலும் வரும் என்று பழகிப்போயிருந்தோம். "பாத்தீங்களா, நம்ம ஊரு மாதிரியே செட்டு போட்டிருக்கான்" என்றார் அப்பா. அம்மா முன்னால் குனிந்து, "ஐயோ, இது நெசமான கல்யாணமுங்க. அந்தம்மா கட்டியிருக்கறது மைசூர் சில்க்கு" என்றாள்.

அப்போது மணப்பெண் தலை நிமிர்ந்தாள்.

"வீடியோ அக்கா!" என்று கத்தினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "சரிதான் மாப்ளே, கல்யாணக் கேசட்டை மாத்திக் குடுத்துட்டான்!"

அம்மா சிரிக்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு டெக்கை நிறுத்த எழுந்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்றார் மாமா. "ஓடட்டும்."

பந்தி ஓடியது. மொய் எழுதுகிறவர் வந்துபோனார். மாப்பிள்ளை நல்ல உயரம். அவரும் சிரித்த முகம்தான். காரில் ஏறுவதற்கு முன்னால் அக்கா ஒருமுறை கேமராவை நேராகப் பார்த்தாள். உதடு அசைந்தது. வாத்தியச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேசட் முடிந்து திரை நீலமாகும்வரை மாமா பார்த்தார். அப்பா அதற்குள் தூங்கிவிட்டார். அம்மா என்னைத் துணி எடுத்துவர மாடிக்கு அனுப்பினாள். துணி இன்னும் காயவே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மாமா தனியாக அதை மறுபடி போட்டுப் பார்ப்பதைக் கண்டேன். கேமராவைப் பார்க்கும் இடம் வந்ததும் பின்னால் ஓட்டினார். திரும்பப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டரைக் கடத்தியது யார் என்றுதான் அக்கா சொல்கிறாள், முடிவைப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டையே கவனித்தேன்.

"என்ன சொல்றாங்க மாமா?"

"தெரியலியே அம்மிணி," என்றார்.

பிறகு கடைக்கார அண்ணன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்று கும்பிட்டார். கல்யாணத்தின் கடைசிப் பகுதிக்குக் கேசட் பற்றாமல், கையில் கிடைத்த குதிரைக் கேசட்டின்மேலேயே எடுத்திருக்கிறார். இப்போது மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். "மறுவீட்டுக்கு வந்தப்ப தங்கச்சிதான் சார் இதைக் கவர்ல போட்டு, ஃபேக்டரி சாருக்குக் குடுன்னு மேஜைமேல வெச்சிட்டுப் போனா. பாக்காம எடுத்து வெச்சிருப்பா, பாவம்."

மாமா உள்ளே போய்க் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரிவைண்ட் பண்ணிட்டேன்," என்றார். கொஞ்சம் நின்று, "நல்லா எடுத்திருக்கீங்க. லைட்டிங் நல்லா வந்திருக்கு" என்றார்.

அண்ணன் சந்தோஷமாகப் போனார். வேறெங்காவது நல்ல ஏழாவது கேசட் கிடைக்குமா என்று மாமா அவரிடம் கேட்கவே இல்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு அலைந்துவிட்டு, முடிவு தெரியாமலே எப்படி இருக்கமுடியும்? நான் நச்சரித்தபோதெல்லாம், "முடிஞ்சு போச்சு அம்மிணி. அவ்வளவுதான் கதை" என்றார்.

நான் ஏழாவது படிக்கும்போது மாமாவுக்குக் கொள்ளேகாலில் கல்யாணம் நடந்தது. பெண் ஹனூர்ப் பக்கம். எனக்கு அந்த அத்தையை உடனே பிடித்துவிட்டது. புதுப் பாவாடை, இரட்டைச் சடை, முழங்கை வரைக்கும் வளையல் என்று நான் தயாராகி மண்டபத்துக்கு வந்து பார்த்தால் ஒரே ஒரு போட்டோக்காரர் நிற்கிறார். வீடியோக்காரரைக் காணோம். அவரை வேண்டாம் என்று சொன்னது அம்மாதானாம். பெண் வீட்டார் எவ்வளவோ கேட்டும் அவள் அசையவில்லையாம்.

"ஏம்மா வீடியோ இல்ல?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அம்மா மணவறையில் உட்கார்ந்திருந்த தன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டோ போதும், போ" என்றாள்.

ஊரெல்லாம் வீடியோ எடுக்கும்போது என் அம்மா மட்டும் இப்படிக் கஞ்சமாக இருக்கிறாளே என்று, அன்று பந்தி முடியும்வரை நான் அவளோடு பேசவில்லை.