துரைக்குப் பூசிய சிமென்ட்

சென்ற வாரம் ஒரு கல்லறையை இடித்துவிட்டார்கள். இடித்தவர்களை நான் குறை சொல்லப்போவதில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

புதுவாயலில் மிஷன் மருந்தகம் நடத்தும் வயதான ஐரிஷ் கன்னியாஸ்திரீயை ஊரே 'மதர்' என்றுதான் அழைக்கும். சில மாதங்களுக்கு முன் அவர் திருவள்ளூரில் என் வீட்டுக்கு ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். அவர் பிறந்த கிளேர் கவுண்டியைப் பற்றிய புத்தகம். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. அங்கே பிறந்த முக்கிய மனிதர்கள், அங்குள்ள புராதனச் சின்னங்கள் என்று ஒன்று விடாமல் போட்டிருந்தார்கள். கூரை போன கோட்டை, தண்ணீர் வற்றிய புனிதக் கிணறு, பிடில் வாசித்த ஒரு பார்வையற்றவர்… எல்லோருக்கும் இடம் உண்டு.

நம் பக்கம்? நான் ரெவின்யூவில் இருந்தபோது மேலிடத்திலிருந்து வருஷா வருஷம் கேள்வி வரும். உங்கள் தாலுகாவில் புராதனச் சின்னங்கள் உண்டா? போகும் பதில் — இல்லை. 'உண்டு' என்று எழுதினால் அடுத்த கேள்வி வந்துவிடுமே!

மதர் முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். டெனிஸ் என்று ஓர் இஞ்சினீயர். மதராஸ் பக்கம் ஏரிக் கால்வாய் வெட்டியவர். காய்ச்சலில் அங்கேயே இறந்தார். 'அவர் கல்லறையை அந்த ஊர் மக்கள் இன்றும் வணங்குகிறார்கள்.'

"அட, நம்ம சுருட்டுத் துரை!" என்றேன்.

கும்மிடிப்பூண்டிக்குக் கொஞ்சம் தள்ளி, கால்வாய்க் கரையில் இருந்தது அந்தக் கல்லறை. ஆடி மாதம் சேரி ஜனங்கள் சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். மதுவிலக்கு இருந்தால் சோடா. துரை கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

பூசை செய்பவர் ஏழுமலை. தொழில் கொத்து வேலை. ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"ஊர்க் கோயில்ல எங்கள எட்டி நில்லுன்னாங்க சார். இந்தத் தொர ஒருத்தருதான் கிட்ட வான்னாரு. எங்க நைனா தொட்டுக் கும்பிட்ட ஒரே சாமி இவருதான்."

அந்தச் சாமியின் தலைமேல்தான் தொழிற்பேட்டை ரோடு வருவதாக இருந்தது.

தடுக்க ஒரே வழி, புராதனச் சின்னம் என்று அறிவிக்க வைப்பது. கல்லில் துரையின் பெயர், கிளேர் கவுண்டி, இறந்த வருஷம் எல்லாம் இங்கிலீஷில் பொறித்திருந்தது. புத்தகத்தில் அதே பெயர், அதே வருஷம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எந்த விதி, எந்த உட்பிரிவு என்று சுட்டிக்காட்டி மனு எழுதினேன். ஆச்சரியம் — நேரில் பார்வையிட ஆபீசர் வருவதாகப் பதில் வந்தது! ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினேன்.

குறித்த நாளில் நான், மதர், ஆபீசர் மூவரும் ஜீப்பில் போய் இறங்கினோம்.

கல்லறையைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று மயில் நீலத்தில் ஒரு மேடை. உச்சியில் பாத்ரூம் டைல்ஸ். மாலை வேறு.

"இன்னா சார், எப்டி கீறாரு தொர?" ஏழுமலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அம்மாம் பெரிய ஆபீசரு வர்றாரு, இவரு அழுக்கா குந்திகினு இருந்தா நல்லாவா கீது? சேரியே கூடி சிமிட்டி வாங்கிப் பூசிட்டோம்!"

"எழுத்து எங்கேய்யா?" என்றேன்.

"உள்ளதான் சார் கீது."

"அப்படியானால் சிமென்ட்டைப் பெயர்த்தெடு!"

அவர் சிரிப்பு நின்றது. "அது… கல்லு வயவயன்னு இருந்திச்சி சார். பூச்சு புடிக்காது. அதான், எளுத்து இருந்த பக்கமெல்லாம் நல்லா கொத்திவுட்டுப் பூசுனேன்."

கொத்தனார் செய்யவேண்டிய முறை அதுதான். வேலை சுத்தம்! உளி வைத்துப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் அம்மை விழுந்த முகம் மாதிரி குழி குழியாகக் கல். ஓர் எழுத்துகூடத் தேறவில்லை.

"மனுவில் வாசகத்தை அப்படியே எழுதியிருக்கிறேனே?" என்றேன் ஆபீசரிடம்.

"அது மனுதாரர் சொல்வது சார். அத்தாட்சி ஆகாதே. புத்தகத்துல பேரு இருக்கு, இந்த இடம்தான்னு இல்லையே. நீங்க சர்வீஸ்ல இருந்தவங்க… உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் குறிப்பு: 'சமீபத்திய கட்டுமானம். ஆக்கிரமிப்பு.' ஆக்கிரமிப்பை அகற்ற யார் அனுமதியும் வேண்டியதில்லை.

சென்ற வாரம் புல்டோசர் வந்தது. நானும் மதரும் போயிருந்தோம். ஏழுமலை குறுக்கே போய் நிற்கவில்லை. மாலையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்.

"நான் சும்மா வுட்டிருந்தா தொர இருந்திருப்பாரு, இல்ல சார்?"

'இல்லையப்பா, எப்படியும் இடித்திருப்பார்கள்' என்றேன். அதுவும் பொய் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் மதரிடம் கேட்டேன்: "புத்தகம் போட்டவர்களுக்கு எழுதிவிடலாமா? அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார்கள்."

மதர் "வேண்டாம்" என்றார்.

ஆகவே, கும்மிடிப்பூண்டிச் சுருட்டுத் துரையின் கல்லறை இப்போது அயர்லாந்தில் இருக்கிறது — முப்பத்தோராம் பக்கத்தில்.