மாமா மண்ணிறம் பூசிய ஆறு

அம்மாவின் தம்பியான என் மாமா, இத்தாலியின் பலெர்மோவில் எங்களோடு இருந்த காலத்தில் மூக்கை நுழைக்காத காரியம் ஒன்றுகூட இல்லை. கறிக்கு எப்போது உப்புப் போடுவதென்று அம்மாவுக்கே சொல்லிக்கொடுப்பார். மொண்டெல்லோ கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவிய மனிதர், என் பள்ளிக்கூடப் பாடத்தையாவது விட்டுவைப்பார் என்று நம்பியது என் பிழை.

ஆர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் நடுவில் கடலோடு கலக்கிற ரியோ தெ லா பிளாட்டா ஆற்றின் கழிமுகத்தை கடதாசி மட்டையில் வரைந்துவரச் சொல்லியிருந்தார் டீச்சர். மூன்று நாள் மினைக்கெட்டு நீலம் பூசி, நடுவில் எல்லைக்கோடும் கீறிக் காயவைத்திருந்தேன். மாமா வந்து குனிந்து பார்த்தார்.

“உந்தத் தண்ணி நீலமில்லைப் பிள்ளை. மண்ணிறம்.”

“புத்தகத்திலை நீலமாத்தான் கிடக்கு, மாமா!”

“புத்தகம் எழுதினவன் அங்கை போய்ப் பாத்தவனோ?”

நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் நீலம் முழுவதும் மண்ணிறமாகியிருந்தது. எல்லைக்கோட்டையும் காணவில்லை. வீடு அதிர அழுதேன். அம்மா இரண்டு பேருக்கும் ஏசினார்.

“ஏன் அழுறாய்? நாளைக்கு நான் வந்து டீச்சரோடை கதைக்கிறன்” என்றார் மாமா, பெரிய உதவி செய்கிறவர்போல.

வரவேண்டாமென்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். வந்தே விட்டார், அதுவும் எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு.

அவர் உடைந்த இத்தாலியனில் சொன்ன கதையை வகுப்பு முழுவதும் கேட்டது. கனடாவுக்கு என்று சொல்லிக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட சரக்குக் கப்பல், அந்தக் கழிமுகத்தில் போய் நங்கூரம் போட்டதாம். விசா இல்லாதவர்களை இறக்க இந்தக் கரை நாடும் விடவில்லை, அந்தக் கரை நாடும் விடவில்லை. நாற்பது நாள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எந்த நாடு பார்க்க வடிவு என்று டீச்சர் கேட்டார்.

“தெரியாது சிஞ்ஞோரா. கரையே தெரியவில்லை.”

பெடியங்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெட்கத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. மட்டையை வாங்கிச் சுவரில் மாட்டினார்.

ஒரு கிழமை நான் மாமாவோடு கதைக்கவில்லை. நாற்பது நாள் அங்கே கிடந்தவர், ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்பதுதான் அன்றைக்கு என் கோபமெல்லாம்.