இருபத்தேழு குண்டுமணிகள்

ஜப்பான்காரன் வந்த பிறகு எங்களுக்கு வந்த இரண்டாவது தீபாவளி அது. காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த நான், என் மனைவி, மூன்று வயது இரண்டு மாதமான மகன், பத்து மாதமான மகள். மகனுக்குப் பல் இருபதும் முளைத்துவிட்டது. மகளுக்கு நான்கு. மேலே இரண்டு, கீழே இரண்டு.

மகளுக்கு அதுதான் முதல் தீபாவளி. கடைகளில் துணி இல்லை. என் பழைய வேட்டி ஒன்றை வெட்டி மனைவி இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துவிட்டாள். ஆனால் கையில் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்றாள். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாரிடமும் அதை விட எனக்கு மனம் வராது.

மகனுக்கு எளிதாக முடிந்தது. ரப்பரை வாங்க ஆளில்லாத காலம். தோட்டத்திலிருந்து வருகிற ஒருவர் பாலை நூலாக இழுத்துச் சுற்றிய பந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் வாயைவிடப் பெரியது. சரி என்று வைத்துக்கொண்டேன்.

மகள் விஷயம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பத்து மாதக் குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். நான்கு நாள் அலைந்து நான்கு பொருள் பார்த்தேன். செல்லுலாய்டு பொம்மை ஒன்று இருந்தது. விளக்கருகே போனால் பற்றிக்கொள்ளும். மரக்கிளியைக் கட்டைவிரலால் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். விரல் பச்சையாயிற்று. பஞ்சடைத்த துணி யானைக்குக் கண் இரண்டும் பாசிமணி. ஊதல் ஒன்றைக் குலுக்கினேன். உள்ளே ஏதோ கழன்று கிடந்தது. நான்கையும் வைத்துவிட்டு வந்தேன். மனைவி, புது அகப்பை ஒன்று வாங்கிக் கொடுங்கள், அடுப்படியில் அதைத்தான் எட்டி எட்டிப் பிடிக்கிறாள் என்றாள். தீபாவளிக்கு யாராவது பெற்ற பிள்ளைக்கு அகப்பை கொடுப்பார்களா என்று நான் கேட்டேன்.

கடைசியில் தட்டார் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் போனேன். அப்போது யாரும் நகை செய்யவில்லை. இருந்ததை விற்று அரிசியாக்கினார்கள், அல்லது மண்ணில் புதைத்தார்கள். அவர் தகரத்தில் விளக்கும் சீப்பும் செய்துகொண்டிருந்தார். சின்னத் தைல டப்பா ஒன்றில் பிரம்புப் பிடி வைத்து ஒரு கிலுகிலுப்பை செய்கிறேன் என்றார். மூடியை ஈயத்தால் பற்றவைக்கப் போனபோது தடுத்தேன். ஈயம் உடம்புக்கு ஆகாது, குழந்தை அதைச் சப்பும் என்றேன். நான் அதைப் படித்திருந்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிராணி, இந்தக் காலத்துல கிழங்கு திங்கிற புள்ளைக்கு ஈயம் ஒண்ணுதான் குறைச்சல்."

ஆனாலும் நான் சொன்னபடியே விளிம்பை மடித்து அடித்து இறுக்கினார். அதற்கு முன் உள்ளே போடக் கல்லைத் தேடினார். கல் சத்தம் கரகரவென்று இருந்தது. பொன் நிறுக்க வழியில்லாமல் கிடந்த எடைப்பெட்டியைத் திறந்து, சிவப்பில் கறுப்புக் கண் வைத்த மணிகளை எடுத்துப் போட்டார். குண்டுமணி. இருபத்தேழு. அவர் எதிரிலேயே இரண்டு முறை எண்ணினேன். அழகாக இருக்கின்றன என்று நினைத்தேன். ஈயத்தைப் பற்றித் தெரிந்த எனக்குக் குண்டுமணியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தீபாவளி காலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, பொருளைக் கையில் கொடுத்தோம். மகள் குலுக்கிச் சிரித்தாள். நான் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். ஏழாவது வாளி ஊற்றும்போது தகரத்தின் மேல் எதையோ இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கிலுகிலுப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே ஓடினேன். மகன் டப்பாவை அம்மியில் அடித்துத் திறந்திருந்தான். மணிகள் தரையெங்கும் கிடந்தன. மகள் அவற்றின் நடுவே உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். மனைவி விரலை விட்டுத் துழாவினாள். வாயில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் தரையைப் பார்த்தாள்.

"இதையா உள்ள போட்டுக் கொண்டாந்தீங்க?"

அவளுடைய அப்பா தோட்டத்தில் துரையின் மாடுகளைப் பார்த்தவர். ஆகாதவன் ஒருவன் குண்டுமணியை அரைத்து ஊசியாக்கிக் குத்தி ஒரு மாட்டைக் கொன்றதை அவள் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

நான் பொறுக்கி எண்ணினேன். இருபத்து மூன்று. பலகை இடுக்கு வழியே விழுந்திருக்கும் என்று வீட்டுக்கடியில் தவழ்ந்து போனேன். அங்கே மூன்று. பக்கத்து வீட்டுக் கோழிகள் நான்கு அங்கே கிளறிக்கொண்டிருந்தன. ஆக இருபத்தாறு. மேலே வந்து பாயை உதறினேன், அம்மியைப் புரட்டினேன், இரண்டு பிள்ளைகளின் சட்டையையும் கழற்றி உதறினேன். இருபத்தாறுதான்.

மனைவி மகனைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். "நீ தின்னியா?"

"ம்."

"பாப்பா தின்னுச்சா?"

"ம்."

"கோழி?"

"கோழியும்."

பிறகு என்னிடம் திரும்பினாள். "நல்லா எண்ணித்தான் பாத்தீங்களா? மொதல்லயே இருபத்தாறா இருக்கக் கூடாதா?"

என் எண்ணிக்கை தப்பாக இருந்திருக்க வேண்டும் என்று என் ஆயுளில் நான் ஆசைப்பட்டது அந்த ஒரு தரம்தான். இரண்டு முறை எண்ணினேன் என்றேன்.

பத்தரைத் தேடித் துக்காங் எமாஸ் பக்கம் போகாமல் நேரே தெங்கேராவுக்குச் சைக்கிளை விட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டிரஸ்ஸர் ஒருவர் அங்கே இருந்தார். வழியில் முச்சந்தியில் காவல் நின்ற சிப்பாய்க்கு இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும். அவசரத்தில் சரியாகக் குனியவில்லை போலிருக்கிறது. வெயிலில் நிற்க வைத்துவிட்டான். எண்ணிக்கொண்டே நின்றேன். ஆயிரத்து நூறைத் தாண்டியபோது கையை அசைத்துப் போகச் சொன்னான்.

டிரஸ்ஸர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாந்தி எடுக்க வைக்காதே, இந்த விஷத்துக்கு மருந்தும் இல்லை என்றார். முழுதாக விழுங்கியிருந்தால் தோல் கெட்டி, அப்படியே வெளியே வந்துவிடும். கடித்திருந்தால் இரண்டு மூன்று நாளைக்குள் வயிற்றால் போகும், இரத்தம் போகும், அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

"பல்லு எத்தனை?" என்றார்.

"பெரியவனுக்கு இருபது. சின்னதுக்கு நாலு."

"அப்ப சின்னது முழுங்கியிருந்தாத்தான் தேவலை. அவன்னா மென்னிருப்பான்."

வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு இருக்கிற இடத்தில் எனக்கு மூச்சு வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவியிடம், "பாப்பாவா இருந்தாத் தேவலை" என்றேன். அவள் அந்த நேரம் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலையைக் கையால் மூடினாள். காரணத்தை விளக்கினேன். பல் கணக்கையும் சொன்னேன்.

அதன் பிறகு மூன்று நாள். மணிக்கு ஒரு தரம் இரண்டு பேரின் வயிற்றையும் அவள் அழுத்திப் பார்ப்பாள், முதலில் அவன், பிறகு இவள். துணியையும் சட்டியையும் குச்சியால் கிளறிப் பார்த்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் மகனுக்கு வயிற்றால் போயிற்று. இரண்டு முறை. மனைவி சட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தபடியே இருந்தாள். இரத்தம் இல்லை. மூன்றாவது முறை போகவில்லை. கிழங்குதான் என்று அவள் சொன்னாள். நான் தலையாட்டினேன். எங்கள் இருவருக்கும் நம்பிக்கை இல்லை. இதற்கு நடுவில் அவன் பந்தைச் சுவரில் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் திடுக்கென்றது. மகள் தவழ்ந்து போய் அந்தப் பந்தை நக்கினாள்.

மூன்றாம் நாள் அரிசிப் பங்கீடு. மனைவி விடியற்காலையிலேயே வரிசைக்குப் போய்விட்டாள். நான் அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு இருந்தேன். ஒன்பது மணி வாக்கில் மகளின் துணியில் அது வந்தது. கழுவினேன். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்புக் கண், சிவப்புத் தோல், கீறல் இல்லை. இருபத்தேழு.

மனைவி அரிசிப் பையோடு படியேறும்போதே கையை நீட்டினேன். "வந்துருச்சு. முழுசா."

"யாருகிட்ட?"

"பாப்பாகிட்ட."

பையைக் கீழே வைத்தாள். மணியைத் தொடவில்லை. "நீங்க கேட்டபடியே ஆயிருச்சு" என்றாள். பிறகு, "ரெண்டு பேரும் உங்களுக்கு ஒண்ணுதானே?" என்றாள்.

"ஒண்ணுதான்."

"அதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்."

அவள் போய் மகன் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு மகள் வயிற்றை. மணி கிடைத்துவிட்டதே என்று நான் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, இதையெல்லாம் கொல்லையில் புதைத்துவிடட்டுமா என்று கேட்டேன். முளைக்கும் என்றாள். அடுப்பைக் காட்டினாள். மணிகளைச் சேர்த்து வைத்திருந்த டப்பாவைக் கையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணி அடுப்புக்குள் போட ஆரம்பித்தேன். நான்காவது போடும்போது அவள் வந்து என் கையிலிருந்ததை வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீச்சாக நெருப்பில் கொட்டினாள்.