இரண்டு சான்றுகளுக்கு நடுவே

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பூட்டக்காதான். போகும்போது கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டாள்.

நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. அதில் எந்த வழியிலும் தப்பு நுழைய முடியாது என்று கணிதம்போல நிரூபிப்பது அவள் வேலை. மொத்தத்தையும் ஒரே மூச்சில் நிரூபிக்க முடியாது. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பக்கத்துப் பகுதியிடம் எதை நம்புகிறது, பதிலுக்கு எதற்கு உறுதி தருகிறது என்று எழுதிக்கொண்டு தனித்தனியாக நிரூபித்துச் சான்று எழுதுவாள். கடைசியில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்ப்பாள்.

மருந்தின் அளவைக் கூட்டக் கடவுச்சொல் வேண்டும் என்பது அந்தப் பம்பின் முதல் விதி. சான்று முடிந்து கையெழுத்தும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை நூறு பம்புகள் மருத்துவமனை வார்டுகளுக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை மாலை, அந்த மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கும் நாத்தனார் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, உங்க பம்பு தங்கமான பிள்ளை. கேட்டதெல்லாம் கொடுக்குது."

"கடவுச்சொல் கேக்குமே?"

"இன்னைக்குப் பயிற்சியில மூணு தடவை அளவைக் கூட்டினேன். கேக்கவே இல்ல. வெறும் தண்ணி பாட்டில்தான், பயப்படாதீங்க."

"நீ வேற எதையாவது அழுத்தியிருப்ப."

"ஆமா, உங்க சான்று சரி. என் விரல்தான் தப்பு."



மறுநாள் காலை, அளவை அழுத்தும் திரைப் பகுதி, மருந்தைத் தள்ளும் மோட்டார் பகுதி இரண்டின் சான்றுகளையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தாள். கடவுச்சொல்லை மோட்டார் பகுதி சரிபார்க்கும் என்று நம்பியது திரைப் பகுதி. திரையிலிருந்து வருவதெல்லாம் சரிபார்த்தே வரும் என்று நம்பியது மோட்டார் பகுதி. இரண்டு சான்றிலும் ஓட்டை இல்லை. சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. போன மாதம் அந்த வேலையை மோட்டாருக்கு மாற்றியபோது திரைப் பகுதியை மட்டும் திருத்தியிருந்தாள். சின்ன மாற்றம்தானே என்று பொருத்திப் பார்க்கும் படியை மறுபடி ஓட்டவில்லை.

நேராக மேலாளரிடம் போனாள்.

"ரெண்டு சான்றும் சரிங்கிறீங்க, அப்புறம் என்னம்மா?"

"தனித்தனியா சரி சார். சேர்த்தா தப்பு. தப்பு என்னோடது."

"இப்ப அனுப்பிடுவோம். அடுத்த வாரம் திருத்திக்கலாம்."

"என் கையெழுத்தை அடிச்சுட்டேன். அனுப்பணும்னா அந்த இடத்துல நீங்க போடுங்க."

அவர் அவள் நீட்டிய தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கிடங்குக்குப் போன் போட்டு, லாரியை நிறுத்தச் சொன்னார்.

ஒன்பது நாள் ஆயிற்று. சரிபார்ப்பை மோட்டாரில் ஏற்றி, சான்றைத் திருத்தி, பொருத்தும் படியை முதலிலிருந்து ஓட்டினாள். கூட்டம் போட்டுத் தன் தப்பைத் தானே எல்லோருக்கும் விளக்கினாள். குரல் இறங்கவில்லை.

பம்புகள் வார்டுக்குப் போன அன்று மதியம் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, கேக்குது. எனக்குக் கடவுச்சொல் மறந்துபோச்சு. எவ்வளவு கெஞ்சினாலும் அசையமாட்டேங்குது."

"நல்லது," என்றாள் பூட்டக்கா. "உங்க மேட்ரன்கிட்ட போய்க் கேளு."