கடலையைக் காசியில் விட்ட பிள்ளை

முதலில் வீங்கியது உதடுதான். சுந்தரத்துக்கு அப்போது ஒன்றரை வயது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் வறுத்த நிலக்கடலையை மென்று, ஒரு விரல் நுனியளவு எடுத்து அவன் வாயில் வைத்தார். தாய்மாமன் ஊட்டுவதை யார் தடுப்பார்கள்? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செத்த நேரத்தில் கண் இரண்டும் மூடிக்கொண்டன. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சை இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வந்தது. பூச்சி கடித்திருக்கும் என்றார் அண்ணி. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் அட்ரினலின் ஊசி (மூச்சுக்குழலை விரித்துவிடும் மருந்து) போட்டார். சத்தம் மெல்ல அடங்கியது.

"என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் கடலை."

"அதாம்மா. இதுக்கு அலர்ஜின்னு பேரு (ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்வதை ஒரு உடம்பு மட்டும் விஷமாக எடுத்துக்கொள்வது). குணப்படுத்த மருந்து இல்ல. இனி கடலை அவன் வாயில படக்கூடாது. அடுத்த தடவை இங்க வந்து சேர நேரம் இருக்குமோ என்னவோ."

வீட்டில் கடலையை நிறுத்துவது சுலபம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வினை தெருவில்தான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் மில்லிலிருந்து திரும்புகிற ஆளின் மடியில் கடலை இல்லாத நாள் கிடையாது. பிள்ளையைக் கண்டால் இரண்டு உரித்துக் கொடுக்காமல் போக மாட்டார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னால், "ஒரு கடலை என்னத்த செய்யும்? எங்க புள்ளைக தின்னு வளரலையா?" என்பார்கள். ஒரு புண்ணியவான் என் முதுகுக்குப் பின்னால் பாதிக் கடலை கொடுத்துச் சோதித்தே பார்த்துவிட்டார். தடிப்போடு போயிற்று. அன்று நான் போட்ட சண்டையில் எனக்குச் சண்டைக்காரி என்று பேர் வந்தது. வரட்டுமே. அதன்பிறகு கதவைச் சாத்தி அவனை உள்ளேயே வைத்துக்கொண்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள்பூரா அழுவான்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஏட்டி, எதிர்வீட்டு அவிய காசிக்குப் போய்க் கத்தரிக்காய விட்டுட்டு வந்தாகள்ல. பொறவு யாராவது அவிய இலையில ஒரு துண்டு வச்சிருக்காகளா? டாக்டர் சொன்னா கேக்க மாட்டாக. காசின்னா கேப்பாக. நம்ம பய கடலைய அங்க விட்டுட்டான்னு சொல்லு."

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு காயையோ பழத்தையோ ஆயுசுக்கும் விட்டுவிட்டு வருவது வழக்கம். ஆனால் அங்கே போகிறவர்களுக்குப் பல் விழுந்திருக்கும். இவனுக்கு முளைத்தே முடியவில்லை. அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்காவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. "காசிக்காரரே, கங்கையில தண்ணி எம்புட்டு?" என்று கேலி செய்வார்கள், செய்தபடியே கடலையை மடியில் போட்டுக்கொள்வார்கள். நான் மன்றாடியபோது கேட்காதவர்கள் கேலிக்குக் கட்டுப்பட்டார்கள். கதவைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவனும், யார் எதை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "காசி" என்று சொல்லப் பழகினான்.

மூன்று வயது ஆகப்போகிற சமயம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்க் கூட்டத்தில் என் கையிலிருந்து நழுவிவிட்டான். தொலைந்தான் என்றுகூட அல்ல, எவராவது அன்பாக எதையாவது ஊட்டிவிடுவார்களே என்றுதான் பயந்தேன். கடைசியில் ஒரு வண்டிக்கடியில், யாரோ ஒரு அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாளின் மடி நிறையக் கடலை.

"உங்க புள்ளையா? எம்புட்டுக் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்கான். கையப் பின்னால வச்சுக்கிட்டு காசிங்கான்," என்றார் அவர்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

அலர்ஜி போகவில்லை. போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் அவன் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் என் தொண்டையும் சேர்ந்து அடைக்கும். அவன் உடம்பு எது, என் உடம்பு எது என்றே தெரியாது. சாப்பிட்டு முடித்தபின் அவன் உதட்டைப் பார்த்தபடி நெடுநேரம் அசையாமல் இருப்பேன். இப்போது அவன் சாப்பிட உட்கார்ந்தால், நானும் பக்கத்திலேயே ஒரு தட்டு போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.